புதன்கிழமைக் கம்பி

லக்ஷ்மிபாய் நகர் குடியிருப்பில் எங்கள் கட்டடத்து மொட்டை மாடியில் நான்கு கொடிகள் இருந்தன. மூன்று நைலான் கயிறு, ஒன்று செம்புக் கம்பி. கயிறுகளில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் துணி காயப்போடலாம், இடத்துக்காகச் சண்டையும் போடலாம். கம்பியில் மட்டும் புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஒரு கைக்குட்டைகூடத் தொங்கக் கூடாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து நான் டெல்லிக்குப் போன மறுநாளே எனக்குச் சொல்லப்பட்ட சட்டம் அது. குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்பதைக்கூட அதற்குப் பிறகுதான் சொன்னார்கள்.

சொன்னவர் எங்கள் வீட்டுக்கு நேர் கீழே இருந்த நடுமாடி அக்கா. பெயர் வேண்டாம். இதைப் படிக்க நேர்ந்தால், "பேரைப் போட்டுட்டு மிச்சத்தை ஏண்டி பாதியில விட்டே?" என்று கேட்பார். அவரைப் பற்றி முழுதாகச் சொல்லி முடிக்க என்னால் ஆகாது என்பது எனக்கே தெரியும்.

மதுரைக்காரர். ஒரு மந்திரி அலுவலகத்தில் ஃபைல்களோடு வேலை. மாதம் ஒரு முறையோ இரு முறையோ அரை நாள் அனுமதி வாங்கிக்கொண்டு வானொலி நிலையத்துக்குப் போய்த் தமிழ் நாடகத்தில் நடித்துவிட்டு வருவார். வீட்டில் பால்காரனைத் திட்டும்போது கொஞ்சம் கரகரத்த, சாதாரணக் குரல்தான். ரேடியோவில் அதே குரல் ராணியாக வரும், பதினாறு வயதுப் பெண்ணாக வரும். பெரும்பாலும் அம்மாவாக வரும். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடல் தாண்டி இருக்கிற தமிழர்களுக்காக டெல்லியில் எழுதி, டெல்லியில் நடித்து, டெல்லியிலிருந்து அனுப்புகிற அந்த நிகழ்ச்சி டெல்லியில் மட்டும் சரியாகக் கேட்காது. "சிற்றலை அப்படித்தாம்மா. நம்ம தலைக்கு மேல தாவிப் போயி எங்கயோ இறங்கும்" என்பார் அக்காவின் கணவர். அவரை நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். மொட்டை மாடிக் கொடிக்கம்பியிலிருந்து ஒரு ஒயரை ஜன்னல் வழியே இறக்கி ரேடியோவில் மாட்டினால் ஓரளவு தெளிவாகக் கேட்கிறது என்று கண்டுபிடித்தவர் அவர்தான். ஈரத்துணி பட்டால் போயிற்று, இரைச்சல்தான்.

புதன்கிழமை ஐந்தரை மணிக்கு அக்கா வீட்டுக் கதவு திறந்திருக்கும். சுற்றுவட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் கூடத்திலும் மாடிப்படியிலுமாக உட்கார்ந்துவிடும். முதலில் அரை மணி நாடகம். பிறகு ஒரு மணி நேரம் கச்சேரி. ஏழு மணிக்கு மங்களம். தரைத்தளத்துப் பம்மி ஆன்ட்டியும் பட்டாணி உரித்துக்கொண்டு வந்து உட்காருவார். பஞ்சாபிக்காரர். தமிழில் அவருக்குத் தெரிந்த வார்த்தைகள் "போதும்", "இன்னும் கொஞ்சம்" இரண்டும்தான், அவையும் பந்தியில் கற்றவை. அக்காவின் குரல் ரேடியோவில் வந்தால் உரிப்பதை நிறுத்திவிட்டு, "ஏ ஆப் ஹோ?" என்பார். இது நீயா என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் கேட்பார். அக்காவும் ஒவ்வொரு முறையும் தலையாட்டுவார்.

மங்களம் முடியாமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது. குக்கர் விசில் அடித்தாலும் சரி. "பந்தியில பாதியில எந்திரிக்கிறதும் இதுவும் ஒண்ணுதான்" என்பார் அக்கா. அண்ணாச்சிக்குச் சர்க்கரை வியாதி. பாவம், பல்லவி நடுவில் கால்மாற்றிக் கால்மாற்றி உட்காருவார். ஒருநாள் தாங்காமல் எழுந்தவரை அக்கா பார்த்த பார்வையில் அவர் திரும்ப உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எதையும் பாதியில் விடுவது அவருக்கு ஆகாது. அதுதான் அக்கா. ஒருமுறை கரோல் பாகில் துணி எடுத்துவிட்டு இருவரும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இந்தியில் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தியின் நாத்தனார் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போன கதை. கோல் மார்க்கெட் வந்ததும் அவர்கள் இறங்க எழுந்தார்கள். அக்காவும் எழுந்துவிட்டார்.

"எங்கக்கா எந்திரிக்கீய? நம்ம ஸ்டாப் வரலியே!"

"சும்மா வாடி."

நிறுத்தத்தில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "பெஹன்ஜி, அப்புறம்?" என்று இந்தியில் கேட்டார். அவள் முதலில் பயந்துபோனாள். பிறகு சொன்னாள். நாத்தனார் மருதாணி வைத்துக்கொள்ளப் போயிருந்தாளாம், மத்தியானம் வந்துவிட்டாளாம். அடுத்த பஸ்ஸுக்கு மே மாத வெயிலில் முக்கால் மணி நேரம் நின்றோம். எனக்குக் கோபமான கோபம்.

"இதுக்காக்கா இறங்குனீய?"

"சப்புன்னுதான் இருக்கு. ஆனா முடிஞ்சிருச்சுல்ல" என்றார், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

சில நாள் அது தொந்தரவாகவும் இருக்கும். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மனஸ்தாபம் என்றால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். "ஒண்ணுமில்லக்கா" என்பேன். "ஒண்ணுமில்லைங்கறது பதில் இல்ல, மூடி. தொறந்து சொல்லு" என்று சமையல்மேடையில் ஏறி உட்கார்ந்துவிடுவார். சொல்லி முடிக்கும்வரை இறங்க மாட்டார். அம்மாவும் தங்கையும் ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் இருந்த எனக்கு அந்தத் தொந்தரவு வேண்டியிருந்தது என்று இப்போது சொல்வேன். அப்போது சொல்லியிருக்க மாட்டேன்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

அது ஒரு ஜூலை மாதப் புதன்கிழமை. ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் மாமியார் அன்றுதான் ரயிலேறியிருந்தார்கள். காலையில் தண்ணீர் வரவில்லை. சாயங்காலம் வந்ததும் விரிப்புகளை எல்லாம் ஊறப்போட்டுத் துவைக்க உட்கார்ந்தேன். குழாய் சத்தத்தில் கீழே என்ன ஓடுகிறதென்று காதில் விழவில்லை. அலசி முடித்துக் குழாயை மூடினால், ரேடியோவில் மங்களம் பாடிக்கொண்டிருந்தார்கள். மங்களம் பாடினால் முடிந்தது என்றுதானே அர்த்தம்? சின்ன வயதிலிருந்து அப்படித்தானே கேட்டு வந்திருக்கிறோம்? வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். நைலான் கயிறுகளில் இடமில்லை. நான்கு விரிப்பையும் கம்பியில் பரத்திவிட்டுக் கொஞ்ச நேரம் காற்று வாங்கினேன்.

கீழே இறங்கினால் படியில் எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். ரேடியோ பொரிந்துகொண்டிருக்கிறது. அண்ணாச்சி அதன் முதுகில் தட்டிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு என்ன காரணமோ நிகழ்ச்சியை மாற்றிவைத்து, கச்சேரியை முதலிலும் நாடகத்தைப் பிறகும் போட்டிருந்தார்கள். ஓடிப்போன மகனுக்காகக் காத்திருக்கும் அம்மாவாக அக்கா நடித்த நாடகம். மூன்றாவது காட்சியில் அம்மா சாகிறாள். அதுவரை கேட்டிருக்கிறது. அதற்குமேல் இரைச்சல்.

"மேல யாராச்சும் துணி போட்டிருக்காங்களா பாருங்க!" என்றார் அண்ணாச்சி.

"நான் போயி பாக்கேன்" என்று ஓடினேன். விரிப்புகளை உருவிக் கைப்பிடிச் சுவரில் போட்டுவிட்டு மூச்சு வாங்க இறங்கினேன். ரேடியோவில் நிலைய இசை வந்துகொண்டிருந்தது. நாடகம் முடிந்துவிட்டது. படியில் இருந்த யாரோ, "கீழ்வீட்டம்மா சல்வாரா இருக்கும், அவங்களுக்கு என்ன தெரியும்" என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பம்மி ஆன்ட்டி ஒன்றும் புரியாமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை அன்றைக்கு நேரில் பார்த்தேன்.

"பரவால்லக்கா, முடிவு உங்களுக்குத் தெரியும்லா? சொல்லுங்க" என்றார் படியில் இருந்த ஒருவர்.

அக்காவுக்குத் தெரியாது. பதிவு நடந்த அன்று பார்லிமென்டில் ஏதோ கேள்வி வந்திருந்தது. பார்லிமென்ட் கேள்வி வந்தால் டெல்லி அலுவலகங்களில் சாவு வீட்டுக்குப் போனவர்களைக்கூடத் திரும்ப அழைப்பார்கள். தன் காட்சியை முதலில் பதிவு செய்துவிட்டு அவர் ஓடிவந்துவிட்டார். "வாழ்க்கையில ஒரே ஒரு தடவை பாதியில எந்திரிச்சேன்" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அடுத்த முறை போனபோது கேட்டுப் பார்த்தார். அந்த ஒலிநாடாவை அழித்து அதிலேயே வேறு நிகழ்ச்சி பதிந்தாயிற்று. அது அங்கே வழக்கம்தான்.

அதோடு போயிருக்கும். ஐந்து மாதம் கழித்து, டிசம்பர் குளிரில், நிலையத்திலிருந்து ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. சண்டை நடந்துகொண்டிருந்த காலம். உறையில் நாலைந்து முத்திரைகள். 'அம்மாவாக நடித்தவருக்கு' என்று மட்டும் விலாசம். எங்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு படித்தார்.

'எங்களுக்குக் கனகாலமாக மின்சாரம் இல்லை. பற்றரியும் கிடைப்பதில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ கேட்போம். அன்றைக்குச் சுற்றியது என்ர அக்கா. நீங்கள் சாகும் இடத்தில் அவ அழுதுகொண்டு கையை எடுத்துவிட்டா. நானும் சுற்றச் சொல்லவில்லை. பிறகு சுற்றியபோது நாடகம் முடிந்துவிட்டது. அந்த மகன் வந்தானா, இல்லையா? தயவுசெய்து தெரிவிக்கவும். அக்கா ஒவ்வொரு நாளும் கேட்கிறா.'

கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி அழுது கையை எடுத்தாள், இந்தப் பக்கம் நான் விரிப்பைக் காயப்போட்டேன். ஒரே நாடகம், ஒரே இடத்தில் நின்றுபோனது.

"வந்துட்டான்னு எழுதிடு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் அண்ணாச்சி.

"அந்தப் பொண்ணு யாருக்காகக் காத்துக்கிட்டிருக்கோ. வருவான்னு நான் வாய்க்கு வந்ததைச் சொல்ல முடியுமாங்க? வரலைன்னுதான் சொல்ல முடியுமா?" என்றார் அக்கா.

தேட ஆரம்பித்தார். நிலையத்தில் கையெழுத்துப் பிரதி கிடைக்கவில்லை. எழுதியவர் ஓய்வு பெற்று கரோல் பாகில் இருக்கிறார் என்று தெரிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கம்பளிக் குல்லாவோடு வெயிலில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர் நிறைய நேரம் யோசித்தார்.

"நான் முப்பது நாற்பது நாடகம் எழுதியிருக்கேம்மா. பாதியில ஒரு பையன் ஓடிப்போவான். சிலதுல வருவான், சிலதுல வர மாட்டான். இது எதுன்னு ஞாபகம் இல்லையே. நீங்களே சொல்லுங்களேன், எது நல்லாருக்கும்?"

அக்கா கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

கடைசியாக மிஞ்சியவர் மகனாக நடித்தவர். அவர் மாற்றலாகி நாக்பூர் போயிருந்தார். மார்க்கெட்டிலிருந்த எஸ்.டி.டி. பூத்தில் அக்கா பேச, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான் நின்றேன். வெளியே வந்தவர் முகம் தெளியவுமில்லை, வாடவுமில்லை.

"கடைசிக் காட்சியில அவர் இருந்தாராம்டி. 'அம்மா'ன்னு ஒரே ஒரு தடவை கூப்பிட்டாராம். ஆனா நெசமாவே வீட்டுக்கு வந்து கூப்பிடுறானா, எங்கயோ இருந்துக்கிட்டு நினைச்சுக் கூப்பிடுறானான்னு அவருக்கு ஞாபகம் இல்லையாம்."

"இப்ப என்னக்கா செய்யப்போறீய?"

"தெரிஞ்சதைச் சொல்றேன். அதுக்கு மேல என்னுடையது எதுவோ அதைச் சொல்றேன்" என்றார். எனக்கு விளங்கவில்லை.

தபாலில் ஒரு பதில் போட்டார். அது போய்ச் சேரும் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை. நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்லும் பகுதியில் ஒரு நிமிஷம் கேட்டு வாங்கினார். அந்தப் புதன்கிழமை நான் நான்கு மணிக்கே மாடிக்குப் போய்க் கம்பியைத் துண்டால் துடைத்துவிட்டு வந்தேன். கூடமும் படியும் நிறைந்திருந்தன. ரேடியோவில் அக்காவின் குரல் வந்தது. நாடகக் குரல் இல்லை. பால்காரனோடு பேசும் குரல்.

"யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய தங்கச்சிகளுக்கு. மகன் வந்தானா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கும் தெரியாது. கேட்டுப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை. கடைசிக் காட்சியில் அவன் 'அம்மா' என்று ஒரு தடவை கூப்பிடுகிறான். அது மட்டும் நிச்சயம். அந்த நேரத்தில் அம்மா உயிரோடு இல்லை, அதனால் நாடகத்தில் அவளுக்குப் பேச்சு இல்லை. இருந்தாலும் அம்மாவாக நடித்தவள் நான். அவளுக்காக நான் சொல்லலாம்."

கொஞ்சம் இடைவெளி. பிறகு அந்த அம்மாவின் குரல் வந்தது.

"கேட்டுச்சுய்யா. நீ கூப்பிட்டது கேட்டுச்சு."

அவ்வளவுதான். பம்மி ஆன்ட்டி கையிலிருந்த பட்டாணியை அப்படியே வைத்துக்கொண்டு, "ஏ ஆப் ஹோ?" என்றார். அக்கா தலையாட்டினார். அண்ணாச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அழுதேன். எனக்கு அழுவதற்கு மற்றவர்களைவிட ஒரு காரணம் அதிகமாக இருந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து பதில் வரவில்லை. ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம். ஒவ்வொரு சாயங்காலமும் அலுவலகம் விட்டு வந்ததும் அக்கா தபால்பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவுவார். பூட்டைத் திறக்கும் முன்பே சந்து வழியாக விரலை விட்டுப் பார்ப்பார். அவர்கள் இருந்த ஊரை விட்டே போயிருக்கலாம். ரேடியோவே இல்லாமல் போயிருக்கலாம். அதற்குமேல் நாங்கள் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. மருதாணி வைக்கப் போன நாத்தனாருக்காக வெயிலில் நின்றவருக்கு இப்படி ஒரு பாதிக் கதை வாய்த்தது.

இரண்டாயிரத்துக்குச் சற்றுப் பின் ஓய்வு பெற்று மதுரைக்குக் கிளம்பினார்கள். சாமான்கள் லாரியில் ஏறிவிட்டன. வெறும் கூடத்தில் ரேடியோ இருந்த இடம் மட்டும் சுவரில் வெளுத்துத் தெரிந்தது. அக்கா தபால்பெட்டிச் சாவியை என் கையில் வைத்தார்.

"புதுசா வர்றவங்ககிட்டக் குடுத்துரு. ஆனா நீயும் ஒரு கண்ணு வச்சுக்க. லெட்டர் வந்தா நீயே பிரிச்சுப் படிச்சுட்டு அப்புறம் அனுப்பு. கேட்டாங்களா இல்லையான்னு தெரியாமலே போறேன் பாரு."

அதற்குமேல் என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. "அக்கா, அன்னைக்குக் கம்பியில..."

"அப்புறம்?"

"...துணி போட்டது..."

"பாதியில நிறுத்தாதே."

"நான்தான்க்கா. மங்களம் பாடிட்டாங்கன்னு நெனச்சிட்டேன். பம்மி ஆன்ட்டி இல்ல."

"தெரியும். நாலு விரிப்பு. ஓடி வந்தப்ப உன் கையெல்லாம் சோப்பு வாசம்" என்றார். "நீயா சொல்லி முடிப்பேன்னு பார்த்துக்கிட்டிருந்தேன். இத்தனை வருஷம் ஆயிருச்சு." கன்னத்தில் லேசாக ஒரு தட்டு. "பம்மிகிட்டயும் சொல்லிரு. அதையும் முடி."

அதையும் நான் உடனே முடிக்கவில்லை. அக்கா போய் இரண்டு மாதம் இருக்கும். துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். நடுமாடியில் புதிதாக வந்திருந்தவர்கள் ஒரியாக்காரர்கள். கம்பியிலிருந்து இறங்கிய ஒயரை எப்போதோ அறுத்துவிட்டார்கள், அதன் நுனி சுவரோரம் தொங்கிக்கொண்டிருந்தது. பம்மி ஆன்ட்டி கம்பியில் கிடந்த ஈரத் துப்பட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்து, இடமில்லாத நைலான் கயிற்றில் திணித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் புதன்கிழமை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

என் ஓட்டை இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். விரிப்பு, மங்களம், அவர்மேல் விழுந்த பழி. அப்படி ஒரு பழி விழுந்ததே அவருக்குத் தெரியாது. "அரே பக்லி", அடி பைத்தியக்காரி, என்று சிரித்தார்.

"சரி ஆன்ட்டி, அக்காதான் போய்விட்டார்களே. ரேடியோவும் இல்லை. இப்போது எதற்குத் துணியை எடுக்கிறீர்கள்?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். படித்த பெண் இதுகூடத் தெரியாமல் கேட்கிறாளே என்கிற பார்வை. அந்தக் கம்பி வழியாகத்தான் அக்காவின் குரல் இங்கிருந்து இலங்கைக்குப் போகிறது என்று இத்தனை வருடமும் அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அந்தப் பிள்ளைகள் பதில் எழுதவில்லையே. அப்படியென்றால் குரல் இன்னும் போய்ச் சேரவில்லை" என்றார் இந்தியில், ஒரு துப்பட்டாவை உதறிக்கொண்டே. "ஒரு கடிதம் வரவே ஐந்து மாதம் ஆயிற்று. குரல் மெல்லத்தானே போகும்? வழியில் ஈரத்துணி கிடந்தால் எப்படிப் போகும்?"

நான் திருத்தவில்லை. கம்பியின் மறுகோடியில் என் தலையணை உறை இரண்டு கிடந்தன. போய் எடுத்தேன்.